ஏத்தச் சொன்ன விளக்கு

"நீங்க சொன்னதைத்தானுங்க செஞ்சேன். அச்சு அசலா அப்படியே செஞ்சேன். ரெண்டு தடவையும் கீரை செத்துப்போச்சு. இப்ப மறுபடியும் அதையே சொல்றீங்க. நான் என்னதானுங்க பண்றது?"

இதைக் கேட்கும்போது சென்னியப்பனின் குரல் நடுங்கியது. பாவம், நடுங்காமல் என்ன செய்யும்.

கேட்ட இடம் கோயமுத்தூரில் ஒரு பழைய பஞ்சாலைக் கிடங்கு. ஜன்னல் கிடையாது. வெயில் உள்ளே எட்டிப் பார்த்ததே இல்லை. ஆனால் அறை அறையாகக் கீரை வளர்கிறது, எல்லாம் விளக்கு வெளிச்சத்தில். அடைமழைக் காலத்தில் மார்க்கெட்டுக்கு வரும் கீரை பாதி அழுகித்தானே வரும்? அப்போதெல்லாம் ஊர்ச் சமையலறைகளுக்கு இங்கிருந்துதான் கட்டுக் கட்டாகப் போகும்.

கேட்கப்பட்டவர் கோகிலவாணி. இந்த விளக்கு விவசாயத்தைக் கற்றுக்கொடுப்பவர். அங்கே எல்லாருக்கும் அவர் டீச்சர்.

பெயரில்தான் குயில். வாயைத் திறந்து பேசினால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயந்தவர் போல இருப்பார். ஒரு அறைக்கு ஒரு வார்த்தை. சில அறைகளுக்கு அதுவும் கிடையாது, தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்.

இதனால் அவருக்குப் பெரிய பெயர் வந்துவிட்டது. "டீச்சர் சொல்ற ஒரு வார்த்தைல ஒம்பது அர்த்தம் இருக்கும்" என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். வாயை மூடிக்கொண்டு இருப்பவர்களுக்கு நம் ஊரில் இந்தச் சௌகரியம் உண்டு.

சென்னியப்பனும் அதை நம்பினார். டீச்சரைவிட அவர் பதினைந்து வயது மூத்தவர். அதனாலென்ன? கற்றுக்கொள்ள வந்தவர் சீடர்தானே.

அவர் எங்கிருந்து வந்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் இந்தக் கதையில் ஒன்றும் விளங்காது.

சென்னியப்பன் சீரியல் செட் போடுகிறவர். நோம்பி என்கிற ஊர்த் திருவிழா, கல்யாணம், ஆர்க்கெஸ்ட்ரா மேடை, எதுவானாலும் விளக்கு அலங்காரம் அவருடையதுதான். அம்மன் படம் செட்டில் கண்ணைத் திறந்து மூடும். குழந்தைகள் வாயைப் பிளந்து பார்க்கும்.

ஒரு நோம்பியில் அந்தக் கண்ணைச் சரிசெய்ய மூங்கில் கம்பத்தில் ஏறினார். கட்டு அவிழ்ந்துவிட்டது. கீழே விழுந்தார்.

கால் எலும்பு கூடிவிட்டது. மனசு கூடவில்லை.

மனைவி துளசிமணி ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே அவர் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்தாள்.

"இனி எதுமேலயும் ஏற மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

"ஏற மாட்டேன்."

"ஸ்டூல் மேலகூட."

"ஸ்டூல் மேலகூட ஏற மாட்டேன், போதுமா?"

சத்தியம் செய்துவிட்டார். ஆனால் விளக்கைத் தவிர வேறு ஒன்றும் தெரியாத மனுசன். வீட்டில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் இந்த இடத்தைப் பற்றிக் கேள்விப்பட்டார். விளக்கு வேலை, ஆனால் தரையில் நின்றபடியே செய்யலாம் என்று யாரோ சொன்னார்கள். உயிர் திரும்பி வந்த மாதிரி ஓடி வந்தார்.

முதல் நாள் டீச்சர் அவருக்கு ஒரு அறையைத் திறந்துவிட்டார். தட்டுத் தட்டாக விதைக்கிற அடுக்கு. அதற்கு மேலே ஒரு நீள விளக்கு. சுவரில் வெளிச்சத்தைக் கூட்டக் குறைக்க ஒரு திருகு, நம் வீட்டு ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி. மூலையில் ஒரு தொரட்டி சாய்ந்திருந்தது, முருங்கைக்காய் பறிப்போமே, அந்தக் கொக்கிக் கொம்பு.

மரமே இல்லாத இடத்தில் தொரட்டி எதற்கு என்று சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. சட்டையைக் கழற்றி அதன் கொக்கியில் மாட்டிவிட்டு மேல்கோட்டைப் போட்டுக்கொண்டார். ஆணி தேடும் வேலை மிச்சம்.

டீச்சர் சொன்னது இவ்வளவுதான்.

"மூணு விதைப்புல ஒண்ணாவது வரணுங்கண்ணா. வேண்டியது எல்லாம் உள்ளேயே இருக்கு."

சென்னியப்பனுக்குப் புல்லரித்துவிட்டது. எல்லாம் உள்ளேயே இருக்கிறதாம். எப்பேர்ப்பட்ட வார்த்தை! அன்று ராத்திரி சாப்பிடும்போதுகூட நெஞ்சில் கையை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டார்.

"நெஞ்சு கரிக்குதா?" என்று கேட்டாள் துளசிமணி.

முதல் விதைப்பு நன்றாக முளைத்தது. பிறகு தண்டு மட்டும் நெட்டையாக ஓட ஆரம்பித்தது. வெளிச்சம் போதாமல் தேடுகிறது என்று அர்த்தம்.

பூச்சி வந்துவிடும் என்று ஒருவர் அறைக்குள் இன்னொருவர் போவதில்லை. டீச்சரும் வெளியே கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பார். பார்த்தார்.

"வெளக்க எறக்குங்கண்ணா."

போய்விட்டார்.

ஆர்க்கெஸ்ட்ரா மேடையில் இந்த வார்த்தையை எத்தனை தடவை கேட்டிருப்பார்! லைட்டை இறக்கு என்றால் குறை என்று அர்த்தம். சோகப்பாட்டு வரும்போது இறக்குவார்கள். சென்னியப்பன் திருகைப் பிடித்து இறக்கினார். அறை மங்கியது.

கீரை இன்னும் நெட்டையாகி, நிற்க முடியாமல், மொத்தமாகப் படுத்துவிட்டது.

சென்னியப்பன் அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து யோசித்தார். இறக்கு என்றால் எதை? வெளிச்சத்தை இறக்கியாயிற்று. வேறு எதையோ இறக்கச் சொல்கிறார். அகங்காரத்தையா? சரிதான், ஊரே மெச்சிய செட்டுக்காரன் என்ற திமிர் இன்னும் இருக்கிறதல்லவா! அன்றிலிருந்து மேல்துண்டைத் தோளில் போடாமல் இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார்.

பக்கத்து அறைக்காரரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். டீ குடிக்கும்போது தினமும் பார்க்கிற ஆள்தான். ஆனால் வயசெல்லாம் விளக்கோடு கழித்தவர், விளக்கைப் பற்றிப் போய் இன்னொருவரிடம் கேட்பாரா? துண்டுதான் இடுப்புக்கு இறங்கியது. மற்றது இறங்கவில்லை.

இரண்டாவது விதைப்பில் திருகை நடுவில் வைத்தார். கீரை குட்டையாக, கொழுகொழுவென்று வந்தது. கொஞ்சம் உயர்ந்து விளக்குக்குப் பக்கத்தில் வந்ததும் இலை ஓரம் காய ஆரம்பித்தது.

டீச்சர் கண்ணாடிக்கு வெளியே நின்றார்.

"வெளக்க ஏத்துங்கண்ணா."

ஏற்று என்றால் கூட்டு. மேடைக்குத் தலைவர் வரும்போது ஏற்றுவார்கள். சென்னியப்பன் ஏற்றினார். அறை பளீரென்று ஆனது.

மறுநாள் இலை சுருண்டது. டீச்சர் வந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"ஏத்துங்கன்னேனே."

இன்னும் ஏற்றினார். திருகு அதற்கு மேல் போகவில்லை.

கீரை அப்பளம் மாதிரி பொரிந்துவிட்டது. தொட்டால் நொறுங்கியது.

அன்று சென்னியப்பன் வீட்டுக்குப் போகாமல் நேராக மெஸ்ஸுக்குப் போனார். துளசிமணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறாள். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கீரைக் கடைசல் இல்லாவிட்டால் அவளுடைய வாடிக்கைக்காரர்கள் முறைப்பார்கள். மழையோ விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. மார்க்கெட் கீரையைப் பிரித்தால் நடுவில் சேறும் நாற்றமும்.

"உங்க லைட்டுக் கீரை எப்பங்க வரும்? கரண்டு போனா கீரையும் அணைஞ்சு போயிருமா?" என்றாள் அவள், வெங்காயத்தை வதக்கிக்கொண்டே.

சென்னியப்பன் சிரிக்கவில்லை. நடந்ததைச் சொன்னார்.

"எறக்கச் சொன்னாங்க, எறக்கினேன், செத்துது. ஏத்தச் சொன்னாங்க, ஏத்தினேன், செத்துது. இதுல ஏதோ பெரிய அர்த்தம் இருக்குது துளசி. எனக்குத்தான் எட்ட மாட்டேங்குது."

"அர்த்தமாவது மண்ணாவது. அவங்க சொல்றதுக்கு நேர்மாறாச் செஞ்சு பாருங்க."

"டீச்சர் சொல்லைத் தட்டறதா?"

"அப்ப கருகட்டும்."

இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு அவள் மெதுவாகக் கேட்டாள்.

"இதுவும் சரிப்பட்டு வரலைன்னா? உங்க செட்டுக் கூட்டாளி நேத்தும் போன் பண்ணினார். தேர் நோம்பிக்குக் கம்பத்துக்கு ஆள் வேணுமாம். நான் உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு இருந்தேன்."

சென்னியப்பனின் உள்ளங்கால் கூசியது. கம்பம் என்ற வார்த்தையைக் கேட்டாலே அப்படித்தான். அந்தக் கூட்டாளியிடம் போனால், கம்பத்துக்குக் கீழே நின்று ஒயர் சுற்றிக் கொடுக்கிற ஆளாகத்தான் இருக்க முடியும். சென்னியப்பன் மேலே ஏறுவதைப் பார்க்கவே ஒரு காலத்தில் கூட்டம் நிற்கும்.

"சரிப்பட்டு வரும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

மூன்றாவது விதைப்பு. கடைசி.

சென்னியப்பன் கீரையோடு பேசவே ஆரம்பித்துவிட்டார். "நல்லா இரு சாமி, நல்லா இரு" என்று தட்டுத் தட்டாகச் சொல்லிக்கொண்டு போவார். சிரிக்காதீர்கள். வழி தெரியாதபோது எல்லாரும் செய்கிற காரியம்தான்.

கீரை வளர்ந்தது. பச்சைப் பசேலென்று நின்றது. இன்னும் சில நாளில் அறுத்துவிடலாம் என்ற நேரத்தில், விளக்குக்கு நேர் கீழே இருந்த இலைகளின் ஓரம் லேசாகக் காய்ந்தது.

கண்ணாடிக்கு வெளியே டீச்சர் வந்து நின்றார்.

சென்னியப்பன் கும்பிடாத குறையாக அவர் வாயையே பார்த்தார். வேறு என்ன சொன்னாலும் பரவாயில்லை, அதை மட்டும் சொல்லிவிடக் கூடாது.

"வெளக்க ஏத்துங்கண்ணா."

போகத் திரும்பினார். அப்போதுதான் சென்னியப்பன் கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடிவந்து, முதலில் சொன்னேனே, அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"அப்படியே செஞ்சேன். செத்துப்போச்சு. நான் என்னதானுங்க பண்றது, அம்மிணி?"

கோகிலவாணி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க செய்யவே இல்லைன்னல்ல நெனச்சுட்டிருக்கேன்? சொன்னா கேக்காத மனுசன்னு."

"ஐயோ, நானா? உங்க வார்த்தையை வேதம்னு நெனச்சுட்டிருக்கிறவனுங்க நான்!"

டீச்சர் குழாயடிக்குப் போனார். கையைக் கழுவினார். மேல்கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டார். முதல் தடவையாகச் சென்னியப்பனின் அறைக்குள் வந்தார்.

"எப்படி ஏத்துனீங்க? காட்டுங்க."

சென்னியப்பன் சுவரிலிருந்த திருகில் கையை வைத்தார். மனசே இல்லாமல் லேசாகத் திருப்பினார். வெளிச்சம் எகிறியது.

"ஐயோ! விடுங்க, விடுங்க!"

ஒரு நாளும் சத்தம் போடாத டீச்சர் பாய்ந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். மூச்சு வாங்கியது.

"ரெண்டு தடவையும் இதையா செஞ்சீங்க?"

"எங்க தொழில்ல இதுக்குப் பேருதானுங்க ஏத்தறது."

"அப்ப எறக்கறது?"

சென்னியப்பன் விரலை எதிர்ப் பக்கம் திருப்பிக் காட்டினார்.

கோகிலவாணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பதா அழுவதா என்று அவருக்கே தெரியவில்லை. பிறகு தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். சென்னியப்பனும் பார்த்தார்.

விளக்கு இரண்டு பக்கமும் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே சட்டத்தில் படிப்படியாக ஆணிகள். சங்கிலி வளையம் நடு ஆணியில் மாட்டியிருந்தது. மேல் ஆணிக்கு மாற்றினால் விளக்கு உயரும், செடிக்குச் சூடு குறையும். கீழ் ஆணிக்கு மாற்றினால் விளக்கு பக்கத்தில் வரும்.

ஏற்றுவது அது. இறக்குவதும் அதுதான்.

சென்னியப்பனின் முகம் வெளுத்தது. சொன்னதற்கு நேர்மாறாகவே எல்லாம் செய்திருக்கிறார். துளசிமணி சொன்னபடி கேட்டிருந்தால்கூடப் பிழைத்திருக்கும்.

"இந்தச் சங்கிலி உங்க கண்ணுல படவே இல்லையாண்ணா?"

"பட்டுதுங்க."

"எப்ப?"

"மொத நாளே."

"பின்னே?"

சென்னியப்பன் தரையைப் பார்த்தார். டீச்சர் அவசரப்படுத்தவில்லை. சும்மா இருப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"அதைத் தொடணும்னா மேல ஏறணுங்க, அம்மிணி. ஸ்டூல் போட்டு ஏறணும். அதனால நான் மேல பாக்கறதையே விட்டுட்டேன். கம்பத்துல இருந்து விழுந்தவனுங்க நான். எதுமேலயும் ஏறமாட்டேன்னு பொண்டாட்டி தலைல கை வெச்சுச் சத்தியம் பண்ணியிருக்கேன்."

நிறுத்தினார். பிறகு இன்னும் சின்னக் குரலில் சொன்னார்.

"சத்தியம் பண்ணலைன்னாலும் ஏறியிருக்க மாட்டேனுங்க. பயம். அவகிட்டகூட இதைச் சொன்னதில்லை."

சொல்லிவிட்டார். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கிய மாதிரிதான் இருந்தது. ஆனால் வேலை போய்விட்டது என்றும் தெரிந்தது. விளக்கை ஏற்ற முடியாதவனுக்கு விளக்கு விவசாயத்தில் என்ன வேலை?

கோகிலவாணி எழுந்தார். மூலைக்குப் போனார். சென்னியப்பனின் சட்டையை எடுத்தார். உதறினார். மடித்து அவர் கையில் கொடுத்தார்.

சென்னியப்பனுக்கு விளங்கிவிட்டது. கிளம்பச் சொல்கிறார். இந்த ஒரு தடவைதான் டீச்சர் சொல்ல வருவது உடனே புரிந்தது என்று நினைத்துக்கொண்டார். கோட்டைக் கழற்றிவிட்டுச் சட்டையைப் போட்டார். பொத்தான் மாறி மாறி விழுந்தது.

"காயாத இலையா ஒரு கை கிள்ளிக்கட்டுங்களா? ஊட்டுல ஒருத்தி கேட்டுட்டே இருக்கறா. ஒரு நாளாவது..."

பதிலுக்குக்கூட நிற்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினார்.

முதுகுக்குப் பின்னால் டக்கென்று ஒரு சத்தம்.

திரும்பிப் பார்த்தார். விளக்கின் ஒரு பக்கம் உயர்ந்து, சாய்ந்தபடி தொங்கியது. அதற்குக் கீழே கோகிலவாணி நுனிக்காலில் நின்றுகொண்டிருந்தார். கையில் தொரட்டி. அதன் கொக்கி மேல் ஆணியிலிருந்து மெல்ல விலகி வந்தது. வளையம் அந்த ஆணியில் ஆடிக்கொண்டிருந்தது.

"அந்தப் பக்கம் நீங்க."

தொரட்டியை நீட்டினார்.

சென்னியப்பன் அதை வாங்கினார். கொக்கியை மேலே கொண்டுபோனார். வளையத்தில் மாட்டினார். தூக்கினார். மூங்கில் கொஞ்சம் வளைந்தது. வளையம் மேல் ஆணியில் போய் உட்கார்ந்தது.

விளக்கு நேராக நின்றது. கீரை மேல் விழுந்த வெளிச்சம் சாந்தமாகிவிட்டது.

சென்னியப்பன் குனிந்து தன் காலைப் பார்த்தார். இரண்டு காலும் தரையில்தான் இருந்தன. செருப்புகூட அசங்கவில்லை.

கைகொட்டிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார் மனுசன். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, சிரிப்பும் நிற்கவில்லை.

"இத்தன நாளா இதுல சட்டையல்ல மாட்டி வெச்சிருந்தேன்!"

"வேண்டியது எல்லாம் உள்ளேயே இருக்குன்னு சொன்னேனேண்ணா."

"அதை நான் நெஞ்சுக்குள்ளல்லங்க தேடிட்டிருந்தேன்!"

டீச்சரும் சிரித்துவிட்டார். அந்தக் கிடங்கில் அவர் சிரித்து யாரும் கேட்டதில்லை. பக்கத்து அறைக்காரர் கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்துப் பார்த்தார்.

"என் மேலயும் தப்பு இருக்குண்ணா. இன்னும் ஒரு வார்த்தை சேத்துச் சொல்லியிருக்கலாம்" என்றார் கோகிலவாணி.

சென்னியப்பன் தொரட்டியைத் தடவிக் கொடுத்தார். இன்னும் முழுசாக நம்ப முடியவில்லை.

"அம்மிணி, அப்ப நான் இங்க எதுமேலயும் ஏறவே வேண்டியதில்லைங்களா?"

"ஏறுங்கன்னு நான் எப்பங்கண்ணா சொன்னேன்? ஏத்துங்கன்னுதானே சொன்னேன்."